புகையிலைக்காட்டில் வந்து நின்ற ஊர்

பார்லோ துரையின் புகையிலைத் தோட்டத்தில், நம் கணக்குக்கு ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை விடியலில், பதினோரு வீடும் ஒரு ஜெபக்கூடமும் ஒரு வெண்கல மணியும் உள்ள ஓர் ஊர் வந்து நின்றது, வந்தது சும்மாவும் வரவில்லை, தன் மார்கழியையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம்வரை ஆட்கள் குனிந்து குனிந்து புழு பொறுக்கிய நாற்பது சால் செடியைக் காணோம். அந்த இடத்தில் பலகை வீடுகள் கூரைமேல் பனி குவிந்து வரிசையாக நின்றன, புகைபோக்கிகள் புகைந்தன, தலையில் வெள்ளைக் குல்லா போட்ட ஒருத்தி வாசலில் முழங்கால் உயரப் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த வீடுகளுக்கு மேலே மட்டும் வானம் சாம்பல் பூத்துக் கிடந்து பனி கொட்டியது. பத்தடி தள்ளி இந்தப் பக்கம் மண்டையைப் பிளக்கிற வெயில்.

இதை முதலில் பார்த்தவள் நாகாத்தாள். புழுக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள், பக்கத்தில் நின்ற ஆறு வயது மகள் தேசம்மாவிடம், "கிட்டப் போகாதே, யாரு என்னான்னு தெரியல" என்றாள், அவ்வளவுதான், அடுத்த செடிக்குக் குனிந்துவிட்டாள். கடல் தாண்டி வந்தவளுக்கு ஆச்சரியப்படுகிற நரம்பு எந்தக் காலத்திலோ அறுந்து போயிருந்தது.

சென்னப்பட்டினத்துக் கோட்டைக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில் இருக்கும் மீன்பிடிக் குப்பத்தில் பிறந்தவள் அவள். ஒரு கப்பல் தலைவனின் மனைவிக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ள ஆயாவாகச் சீமைக்குப் போனாள், போன இடத்தில் அந்த அம்மாள் கண்ணை மூடிவிட, பிழைக்க வழி தெரியாமல் நின்றவளிடம் யாரோ ஒரு காகிதத்தை நீட்டினான், அதில் பெருவிரலை வைத்தாள், மூன்று மாதம் கப்பலில் வாந்தி எடுத்தாள், கண்ணைத் திறந்து பார்த்தால் இந்தத் தோட்டம். ஏழு வருஷ ஒப்பந்தம். வந்த மறுவருஷமே, கூட வேலை செய்த டாம் என்கிற தச்சனுக்கு இந்தப் பெண்ணைப் பெற்றாள்; ஒப்பந்தத்தில் இருக்கிறவள் பிள்ளை பெற்றால் அவளுக்கு இரண்டு வருஷம் கூடுதல், பிள்ளை இருபத்தொரு வயதுவரை துரைக்குச் சொந்தம் என்பது அந்த நாட்டுச் சட்டம். டாம் பிள்ளையின் முகத்தை மூன்று மாதம் பார்த்தான், கோடைக்காய்ச்சல் வந்தது, போய்ச் சேர்ந்தான். பிள்ளைக்குப் பேச்சு வந்த பிறகு அந்தக் கண்டத்திலேயே தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர்தான், ஒருத்தி தாய், இன்னொருத்தி மகள்.

சீமைக்காரன் கடல் கடந்து போய்க் குடியேறிய ஊரெல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று நாகாத்தாளும் நினைத்திருந்தாள். அப்படி இல்லையாம். வடக்கே போனவர்கள் பெண்டாட்டி பிள்ளையோடு போய், வீட்டை ஒட்டி வீடு கட்டி, நடுவில் ஜெபக்கூடம் எழுப்பி, மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் படுத்து, ஓய்வுநாளில் அடுப்புக்கூட மூட்டாமல் வாழ்கிறவர்கள். தெற்கே வந்தவர்களோ தனிக்கட்டைகள். புகையிலையே நெல், புகையிலையே உப்பு, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் ஓடை, ஆறு ஆணுக்கு ஒரு பெண், பாதிரியார் மூன்று மாதத்துக்கு ஒருதரம் படகில் வந்து, செத்தவனுக்கும் பிறந்ததுக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து ஒரே ஜெபமாகச் சொல்லிவிட்டுப் போவார். ஆண்டு தவறாமல் ஆடி மாதம் சதுப்பிலிருந்து கொசுவும் காய்ச்சலும் கிளம்பும், வந்த ஆட்களில் மூன்றில் ஒருவனைக் கொண்டுபோகும், தாலி கட்டியவன் போனால் அவள் அடுத்த மாதமே இன்னொருவனைக் கட்டுவாள், ஒரே வீட்டில் மூன்று அப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள் ஒரே தட்டில் மக்காச்சோளக் கஞ்சி குடிக்கும். நாற்பதைத் தாண்டியவன் அங்கே கிழவன்.

வந்து நின்றது ஒரு வடக்கத்தி ஊர். எப்படி வந்தது என்று அவர்களுக்கே தெரியாது. ஜெபம் முடிந்து வெளியே வந்தார்களாம், எதிரே மலை இருக்கவேண்டிய இடத்தில் புகையிலை இருந்ததாம். போதகர் அதற்கு ஒரு பிரசங்கம் செய்தார், ஐந்து ஊர்ப்பெரியவர்கள் கூடி அடுத்த கட்டளை வரும்வரை எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கவேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள், மாட்டைக் கறக்கப் போனார்கள்.

இந்தப் பக்கத்துக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பார்லோ துரை குதிரையில் வந்து பார்த்தார், தன் நிலத்தில் நிற்பது எல்லாம் தன்னுடையதே, பனி உட்பட, என்று அறிவித்துவிட்டுப் பனியின் ஓரம் நெடுக முளையடித்தார். கோர்ட்டுக்குப் போனார். நடுவர்கள் மூன்று நாள் குடித்துக் குடித்து யோசித்து, விதைக்காமல் முளைத்ததைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்று தள்ளிவைத்தார்கள். ஆட்கள் வாளி வாளியாகப் பனியை அள்ளிக்கொண்டு போய் ஆப்பிள் சாராயத்தில் போட்டுக் குடித்தார்கள். பனி முடிகிற அந்தக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அது சாதாரணப் பனிதான், கால் மைல் போவதற்குள் பாதி தண்ணீராகிவிடும். வடக்கத்தியார் பீப்பாயும் செருப்பும் நாற்காலியும் கொடுத்தார்கள், இவர்கள் பன்றியும் சோளமும் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் சீட்டாட்டச் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் மணியை இரண்டு மடங்கு ஓங்கி அடித்தார்கள். மணி ஓங்கினால் இவர்கள் பிடில் வாசித்தார்கள்.

ஆனால் தெற்கத்தியாரை வாயடைக்க வைத்தது பனி இல்லை, கிழவர்கள். எழுபது வயதில் பல்லில்லாமல் சிரிக்கிற ஒரு மனிதரைத் தெற்கத்திப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மூன்று ஓடை தாண்டி ஆட்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து முளைக்கு இந்தப் பக்கம் நின்று கிழவர்களைக் காட்டினார்கள். "அதோ பார், அதுக்குப் பேரு சுருக்கம்" என்று நாகாத்தாளும் மகளுக்குக் காட்டினாள். "எனக்கும் வருமா?" என்று கேட்டாள் தேசம்மா. அந்தத் தோட்டத்தில் ஏழு வயது தாண்டிய பிள்ளை மொத்தமே இரண்டுதான்.

ஆடி பிறந்தது, காய்ச்சலும் பிறந்தது. முதல் வாரம் நாலு பேர் படுத்தார்கள். ஐந்தாவதாகக் காய்ச்சல் கண்ட ஒருவன், நடுக்கத்தோடு பனி அள்ளப் போனவன், கோட்டுக்கு அந்தப் பக்கம் மயங்கி விழுந்தான். மாலையில் போய்ப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்கிறான். தூக்கி இந்தப் பக்கம் போட்டார்கள், மறுநாள் மத்தியானம் திரும்பவும் நடுக்கம். அப்புறம் என்ன, ஊரே புரிந்துகொண்டது. காய்ச்சலுக்கு அந்தக் கோடு தாண்டத் தெரியாது. பனிக்குள் இருக்கிறவரை பிழைப்பு, வெளியே வந்தால் பழைய கதை.

ஆட்கள் போய் வாசலில் விழுந்தார்கள். அங்கேதான் அந்த ஊரின் சட்டம் குறுக்கே வந்தது. அந்நியன் ஒருவன் ஊருக்குள் வந்து பதினாலு நாள் தங்கிவிட்டால் அவன் ஊர்ப் பொறுப்பு, அவனுக்குச் சோறு போடுவதும் அவன் ஆன்மாவுக்குப் பதில் சொல்வதும் ஊரின் தலையில். அதனால் பதினாலாம் நாளுக்குள் ஊர்க்காவலர் வீடு தேடி வந்து, காகிதத்தைப் படித்துக் காட்டி, வெளியேறச் சொல்லிவிடுவார். ஊர்க்காவலருக்கு ஹோப்ஸ்டில் என்று பெயர். இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று அதற்கு அர்த்தமாம். பெயரைப் பாருங்கள், வேலையைப் பாருங்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவ்வளவு மரியாதையாக, சாகப்போகிறவனைச் சாகிற இடத்துக்குத் திருப்பி அனுப்பினார்.

தேசம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது ஆடி எட்டாம் தேதி. மத்தியானம் குளிரடித்து, சாயங்காலம் உடம்பு அனலாகி, கண் மேலே செருகியது. டாமுக்கும் இப்படித்தான் செருகியது. விடிந்ததும் விடியாததுமாகப் பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கோட்டைத் தாண்டினாள், முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவள் ஐம்பது வயதுக்காரி, பேஷன்ஸ் என்று பெயர், பொறுமை என்று அர்த்தம், முகத்தில் சிரிப்பின் தடமே கிடையாது.

"எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்டாள்.

"நேத்துலேருந்து அம்மா. கால்ல விழறேன்."

"விழாதே. பனி அப்பியிருக்கிறது, வழுக்கும்" என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

இந்தப் பக்கம் கங்காணி க்ரீவ்ஸிடம் நாகாத்தாள், பிள்ளை குடிசையில் படுத்திருக்கிறது என்று சொன்னாள். காய்ச்சல் குடிசைக்குள் அந்த நாட்டில் யாரும் தலையை நீட்டமாட்டார்கள், அது அவளுக்கு வசதியாயிற்று. மத்தியானச் சோற்று நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடிவருவாள். நாலாம் நாள் தேசம்மா எழுந்து உட்கார்ந்தாள். ஆறாம் நாள் வெள்ளைக் குல்லாவும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு, அந்த ஊர்ப் பிள்ளைகளோடு பனியில் உருண்டாள். தூரத்திலிருந்து பார்த்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னம் சிவந்து, மூக்கு ஒழுகி, பசி பசி என்று பறந்தது பிள்ளை. நாகாத்தாளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, உடனே பதினாலு என்கிற எண் நினைவுக்கு வந்து அந்த அழுகை அப்படியே மாறிப்போனது.

பேஷன்ஸ் வீட்டில் ஒரு பையனும் இருந்தான், கொல்லனுடைய மகன். பேஷன்ஸுக்கு இரண்டு பெண்கள், அவர்கள் அந்த வீட்டில் இல்லை. நாகாத்தாளுக்கு இது விளங்கவில்லை.

"உங்க பிள்ளைங்க எங்கே அம்மா?"

"மூத்தவள் கொல்லன் வீட்டில். சின்னவள் போதகர் வீட்டில்."

"ஏன், உங்களால வளர்க்க முடியலையா?"

"முடியும். அதனால்தான் அனுப்பினேன். பெற்றவள் கையில் வளர்ந்தால் பாசம் மிஞ்சிவிடும். மிஞ்சினால் பிள்ளை கெடும். இங்கே எல்லாரும் எட்டு ஒன்பது வயதில் பிள்ளையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம்."

இதென்ன கூத்து என்று நாகாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் சாவு பிள்ளையைப் பிடுங்குகிறது, இந்தப் பக்கம் சாவு வராமலே இவர்களாகத் தூக்கிக் கொடுக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தாள்: கிணறு பேஷன்ஸின் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்க, அவள் தினமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி, கொல்லன் வீட்டு ஜன்னலோரமாக நடந்துதான் தண்ணீருக்குப் போனாள். திரும்பும்போதும் அதே சுற்றுத்தான்.

பதினோராம் நாள் பார்லோ துரையின் முளைகளில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. பனியின் ஓரத்தில் அடித்த முளை பனிக்கு வெளியே நின்றது. ஒரு சாண். மறுநாள் இரண்டு முழம், அதற்கு மறுநாள் எட்டுத் தப்படி. தெற்குப் பக்கத்தில், பனி விட்டுப்போன இடத்தில், புகையிலைச் செடி நசுங்காமல் கொள்ளாமல் பச்சைப்பசேல் என்று எழுந்து நின்றது. ஊர் நகர்ந்துகொண்டிருந்தது, வீடு மணி மாடு மனிதர் எல்லாவற்றோடும், வடக்கு நோக்கி, குலுங்காமல். திரும்பிப் போகிறோம் என்றார்கள் கிழவர்கள், வந்தபோது அழாதது போலவே இப்போது சிரிக்கவும் இல்லை. வேகம் இப்படிக் கூடிக்கொண்டே போனால் ஒரு வாரத்தில் வடக்கு ஓடையைத் தாண்டிவிடும், அப்புறம் யார் கண்ணுக்கும் சிக்காது.

பதின்மூன்றாம் நாள் ஹோப்ஸ்டில் வந்தார். தொப்பியைக் கழற்றினார், காகிதத்தை விரித்தார். நாகாத்தாள் அவர் எதிரே நின்றாள், சேலைத் துணியைக் கிழித்துத் தைத்த அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தேசம்மா நின்றாள்.

"அந்நியப் பெண்பிள்ளை ஒன்று, வயது ஆறு, நாளைச் சூரியன் மறைவதற்குள் இந்த ஊர் எல்லையை விட்டு நீங்கவேண்டியது" என்று படித்தார்.

"செத்துப்போயிடும் ஐயா."

"எனக்குத் தெரியும்" என்றார் ஹோப்ஸ்டில். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் கடைசி வரிவரை படித்து முடித்தார். மனசு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம் என்று இருக்கிற ஆட்களிடம் சண்டைகூடப் போடமுடியாது.

அவர் போனதும் பேஷன்ஸ் கதவைச் சாத்தினாள்.

"ஒரு வழி இருக்கிறது. பிள்ளையை எனக்கு எழுதிக் கொடு. பதினெட்டு வயதுவரை. எழுதிவிட்டால் அவள் அந்நியப் பிள்ளை இல்லை, என் வீட்டுப் பிள்ளை, ஊர்ப் பிள்ளை. கொல்லன் மகனை நான் எடுத்த மாதிரி."

"என்னையும் எடுத்துக்கங்க அம்மா. தரை துடைக்கிறேன், மாடு கறக்கிறேன், எதுவானாலும் செய்யறேன்."

"உனக்கு ஒப்பந்தம் பாக்கி இருக்கிறது. ஓடிவந்த ஆளை எங்கள் பெரியவர்கள் வைத்துக்கொள்ளமாட்டார்கள், அவர்களே கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள். உன்னைக் காணோம் என்று தெரிந்தால் உன் துரை துப்பாக்கியோடு வருவான். வந்தால் இரண்டு பேரும் போவீர்கள்." ஜன்னலையும் சாத்திவிட்டு வந்தாள். "பிள்ளை மேலும் அவனுக்குப் பாத்தியதை இருக்கிறதா?"

நாகாத்தாள் வாயைத் திறந்தாள். பேஷன்ஸ் கையை நீட்டித் தடுத்தாள்.

"சொல்லாதே. நான் பொய் சொல்லமாட்டேன், யாராவது கேட்டால் தெரிந்ததைச் சொல்லிவிடுவேன், அது என் வழக்கம். அதனால் என்னிடம் யாரும் வந்து கேட்காதபடி நீ பார்த்துக்கொள்."

அந்தப் பக்கம் ஒரு பிள்ளையை யாரும் தேடாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு. அந்தத் தோட்டத்தில் அதைவிடச் சுலபமாக நம்பப்படுகிற சங்கதியும் இல்லை.

மறுநாள் பொழுது புலர்ந்ததும் நாகாத்தாள், பேஷன்ஸ் எழுதி வைத்திருந்த காகிதத்தில் பெருவிரலை வைத்தாள், பிள்ளையிடம் போனாள். விஷயத்தைச் சொன்னாளா என்றால், சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளை வாயில் எது நிற்கும். "அம்மாவுக்கு வேலை இருக்கு. முடிச்சிட்டு வரேன். இந்தம்மா சொல்றபடி கேளு" என்றாள். முத்தம் கொடுக்கவில்லை, கொடுத்தால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயம். திரும்பி வருகிற வழியில் கோட்டின் ஓரத்தில் உட்கார்ந்து புழுக்கூடை நிறையப் பனியை அள்ளினாள். மூன்று கூடை. குடிசைக்குள் கொண்டுபோய்த் தேசம்மாவின் பழைய அங்கியை விரித்து, அதற்குள் பனியை அழுத்தி அழுத்தி ஓர் உடம்பு பிடித்தாள். கால் பிடித்தாள், கை பிடித்தாள். தலை பிடிக்கும்போது பெரிதாகிவிட்டது. என் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய தலை இல்லையே என்று சுரண்டிக் குறைத்தாள், குறைத்தது போதுமா என்று உள்ளங்கையால் அளந்து பார்த்தாள், அந்தக் கைக்கு அளவு தெரிந்திருந்தது. கம்பளியைச் சுற்றி இறுக்கித் தைத்தாள். பிறகு வாசலுக்கு வந்து ஓவென்று அலறினாள். அந்த அலறலில் நடிப்பு கொஞ்சமும் இல்லை.

க்ரீவ்ஸ் கங்காணி ஓடிவந்தான். அவனும் ஒரு காலத்தில் ஒப்பந்தத்தில் வந்தவன்தான், இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவன். மூட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"சில்லென்று இருக்கிறதே."

"ராத்திரியே போயிடுச்சு ஐயா."

"ஈரம் சொட்டுகிறது."

"குளிப்பாட்டினேன். எங்க வழக்கம்."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அவளுக்கு அவசரம், வெயில் ஏறுவதற்குள் குழிக்குள் போகவேண்டும். தெற்கு ஓடைப் பக்கம், பனியைவிட்டுத் தள்ளி, ஒரு சின்னக் குழி போதும் என்றாள். ஆனால் க்ரீவ்ஸுக்கு இரக்கம் வந்துவிட்டது. அவன் இரக்கம் அவளுக்கு எமனாக வந்தது. "அப்பன் பக்கத்தில்தான் படுக்கவேண்டும்" என்று ஒரே பிடியாக நின்றான். டாம் கிடந்தது வடக்கு வேலி ஓரம். நகர்ந்துகொண்டிருந்த ஊர் இப்போது அந்த வேலியை ஒட்டித்தான் நின்றது, குழிக்கும் பனிக்கும் நடுவே முப்பது தப்படிகூட இல்லை.

வடக்கத்தியார் சாவுக்குச் சத்தமே இல்லை, ஜெபம்கூடச் சொல்லாமல் நடந்து போய்ப் புதைத்துவிட்டு நடந்து வருவார்கள். தெற்கில் அப்படி இல்லை, துப்பாக்கி வெடிக்காமல் ஒரு நாயைக்கூடப் புதைக்கமாட்டார்கள். நாலு தோட்டத்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், சாராயத்துக்காக வந்தவர்கள்தான், ஆனாலும் சின்ன மூட்டையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்கள். மூட்டையை இறக்கும்போது கம்பளியிலிருந்து தண்ணீர் தாரையாக ஒழுகியது. முதல் பிடி மண்ணை நாகாத்தாள் அள்ளிப் போட்டாள். க்ரீவ்ஸ் வானத்தைப் பார்த்து மூன்று வெடி வெடித்தான்.

வெடிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்குமா. பனிக்குள்ளிருந்து வெள்ளைக் குல்லாக்கள் ஏழெட்டு ஓடிவந்து வேலி ஓரம் நின்றன. கொட்டுகிற பனியில் முகம் ஒன்றும் தெரியவில்லை. அதில் ஒரு குல்லா மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. தன் தாய் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வதையும், ஆட்கள் சுற்றி நிற்பதையும் பார்த்தது.

"அம்மா" என்று கத்தியது. "அம்மா, ஏன் அழுவற? நான் இங்க இருக்கேன்மா. இங்க பாரு, நான் இங்க இருக்கேன்."

நாகாத்தாள் திரும்பக் கூடாது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

க்ரீவ்ஸ் வேலிப் பக்கம் பார்த்தான். "அந்தப் பனிக்காரப் பிள்ளை ஏன் கத்துகிறது? என்ன சொல்கிறது அது? பனிக்காற்றில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை."

"தெரியல ஐயா. எனக்கு அந்தப் பேச்சு விளங்கல."

"அம்மா, திரும்பிப் பாரும்மா. யாரு செத்தாங்க? நான் வரட்டுமா?" என்றது பிள்ளை. வேலியின் முதல் கட்டையில் கால் வைத்து ஏறியது.

நாகாத்தாள் குப்பத்துக்காரி. அவள் ஊரில் செத்தவரிடம் பாட்டாகத்தான் பேசுவார்கள், மார்பில் அடித்துக்கொண்டு, குரலை அலைமேல் எறிவது போல எறிந்து. அவள் கால் நீட்டிக் குழியோரம் உட்கார்ந்தாள், தலைமயிரை அவிழ்த்துப் போட்டாள், மண்ணைப் பார்த்தபடியே ஒப்பாரியை எடுத்தாள். நாலு தோட்டத்துக்கும் கேட்கிற குரல், ஒரே ஒரு காதுக்கு மட்டும் புரிகிற சொல்.

"ஏறாதடி என் கண்ணே, எறங்கிடு என் பொன்னே,
வேலியத் தாண்டாதே, வெயிலுக்கு வாராதே,
இங்க வந்தா சுட்டுடும்டி, இந்த மண்ணு தின்னுடும்டி,
உனக்காக அழல, ஊருக்கு அழுவறேன்டி.
பொறுமைன்னு பேருள்ளவ, புடிச்சுக்கோ அவ கைய,
அவ வெச்ச சோத்தத் தின்னு, அவ வெச்ச பேரச் சொல்லு.
நம்ம பேச்சு பேசாதே, நாலு பேரு முன்னால,
உள்ளுக்குள்ள பேசிக்கோ, ஒறங்கும்போது பேசிக்கோ.
அம்மா வர நாளாகும், அடையாளம் தப்பிடும்டி,
வரலன்னு வெய்யாதே, வளர்ந்துக்கோ என் தாயே,
கெழவியாகும் மட்டுக்கும் உசுரோட இருடி,
திரும்பிப் பாக்காம போயிடுடி என் ராசாத்தி."

நாலு தோட்டத்து ஆட்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவர்கள் எத்தனையோ குழி பார்த்தவர்கள், ஆனால் ஒரு பிள்ளைக்காக ஒருத்தி இப்படிக் குரலை உடைத்துப் போடுவதைக் கேட்டதில்லை. நாகாத்தாள் கடைசி வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், தொண்டை கட்டிக் குரல் வெறும் காற்றாகும்வரை சொன்னாள். வேலிப் பக்கத்திலிருந்து பதில் இல்லை. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்தால் எழுந்து ஓடிவிடுவாள் என்று அவளுக்கே தெரியும்.

க்ரீவ்ஸ்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பிள்ளை இறங்கிவிட்டது" என்றான். "வாயை மூடிக்கொண்டு உள்ளே போகிறது. யாரோ குல்லா போட்ட பொம்பளை வந்து கையைப் பிடித்தாள், அழாமல் பின்னாலேயே போகிறது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல வளர்ப்பு."

"ஆமாங்க ஐயா" என்றாள் நாகாத்தாள். "யாரோ நல்லா வளத்திருக்காங்க."